பந்தயக் காரில் புதுமுகங்கள்

பந்தயம் என்றவுடன் எங்கள் திருவெறும்பூர் வட்டாரத்தில் முதலில் நினைவுக்கு வருபவை மாடுகளே. பொங்கலை ஒட்டிப் பெரிய சூரியூரில் ஜல்லிக்கட்டு. அண்டை மாவட்டங்களில் மாட்டு வண்டிப் பந்தயம். அந்த வண்டிப் பந்தயத்தில் ஒரு நல்ல முறை உண்டு. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று மாடுகளைத் தரம் பிரித்தே ஓட்டுவார்கள். பூஞ்சிட்டு என்பது களத்துக்குப் புதிய இளமாடு. அதைப் பெரிய மாட்டோடு ஓடவிட மாட்டார்கள். ஆனால் நாளைய பெரிய மாடு எது என்று தெரிந்தவர்கள் கண்வைப்பது பூஞ்சிட்டு வண்டியின் மீதுதான்.

மோட்டார்ப் பந்தயத்தில் இந்தப் பூஞ்சிட்டுகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையே இக்கட்டுரையில் ஆராய முனைந்துள்ளேன். கால்பந்தாட்டக்காரரைத் தெருவில் கண்டுபிடிக்கலாம். ஓட்டப்பந்தய வீராங்கனையைப் பள்ளி விளையாட்டு விழாவில் கண்டுபிடிக்கலாம். பந்தயக் கார் ஓட்டும் திறமை ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், அவரை அந்தக் காரில் உட்கார வைத்தாக வேண்டும். அதற்குக் கார் வேண்டும், ஓடுதளம் வேண்டும், டயர்கள், மெக்கானிக்குகள், தீயணைப்போர், மருத்துவ ஊர்தி எல்லாம் வேண்டும். ஆகவே வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கே இந்த விளையாட்டு என்று ஆகிவிட்டது. இந்தச் சுவரில் ஒரு சிறு கதவைத் திறப்பதற்கு ஏற்பட்டவையே திறமைத் தேர்வுப் போட்டிகள். நுழைவுக் கட்டணம் ஏதோ சிறிது. வெல்பவருக்குப் பரிசு பணமன்று, ஓர் ஆண்டு முழுவதும் உண்மையான பந்தயக் காரை ஓட்டும் வாய்ப்பு.

இதை முறையாக வளர்த்த நாடு பிரான்ஸ். அங்கே மாக்னி-கூர் என்னும் ஊரிலும் பின்னர் தெற்கே பால் ரிக்கார்ட் ஓடுதளத்திலும் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளி நடந்தது. ஆண்டு முழுவதும் மாணவர்கள் பயில்வார்கள். அவர்களில் சிறந்தோர் இறுதியில் நடுவர்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டுவார்கள். 1966ஆம் ஆண்டு அந்தப் போட்டியில் வென்றவர் பிரான்சுவா செவேர். அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ஓர் ஆல்பைன் பார்முலா 3 கார். 1975இல் எல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் பரிசை வென்ற இளைஞர் அலென் புரோஸ்ட். மறு ஆண்டே அவர் பார்முலா ரெனோ பந்தய வரிசையில் வாகை சூடினார். பின்னர் 1985, 1986, 1989, 1993 என நான்கு முறை உலகச் சாம்பியன் ஆனார். ஒரு போட்டிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை!

இப்போது நம் தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம். அதே பள்ளிக்கு 1992ஆம் ஆண்டு கோயம்புத்தூரிலிருந்து ஒரு சிறுவர் சென்றார். வயது 15, அதாவது என் வயதுதான். பெயர் நாராயண் கார்த்திகேயன். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் ராலிப் பந்தய வீரர். எல்ஃப் போட்டியில் நாராயண் அரையிறுதி வரை வந்தார், வெல்லவில்லை. அவர் ஊர் திரும்பி, 1993இல் சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர் ஓடுதளத்தில் பார்முலா மாருதி கார் ஓட்டினார். 1994இல் பிரிட்டனில் பார்முலா ஃபோர்டு குளிர்காலப் பந்தய வரிசையில் முதலிடம். ஐரோப்பாவில் ஒரு பந்தய வரிசையை வென்ற முதல் இந்தியர் என்ற பெயர். 1996இல் பார்முலா ஆசியா பட்டம். 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில், ஜோர்டான் அணிக்காகப் பார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். 2010இல் பத்மஸ்ரீ விருது. ஆக, பிரான்சில் அரையிறுதியோடு திரும்பிய சிறுவரே நம் நாட்டின் முதல் பார்முலா 1 வீரர் ஆனார். அன்று அவரை முந்தியவர்களில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இங்கே இன்னொரு கோவைக்காரரையும் சொல்லாமல் விட முடியாது. பந்தயக் காரை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் கட்டுப்படியாகாது என்று கண்டவர் எஸ். கரிவரதன். வீடுகளில் ஓடும் மாருதி 800 காரின் சிறிய எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் திறந்த பந்தயக் காரில் வைத்தார். அதுவே பார்முலா மாருதி. எல்லாரிடமும் ஒரே மாதிரி எஞ்சின் என்றால், வெல்பவர் பணத்தால் வென்றார் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள ஓடுதளம் இன்று அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று வழங்குகிறது. புதியவர்களுக்கென்றே நடத்தப்பட்ட நாவிஸ் கப் போன்ற பந்தயங்களும் அந்தத் தளத்தைக் கண்டவை. நம் பூஞ்சிட்டு முறைதான்!

சரி, தேர்வில் எதைப் பார்க்கிறார்கள்? வேகத்தை மட்டும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் படித்த மையநோக்கு விசையை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். காரின் நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுத்தால் வருவது அந்த விசை. 60 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் திரும்புவதாகக் கொள்வோம். 625ஐ 60ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10.4. புவியீர்ப்பு முடுக்கமோ 9.8. அதாவது ஓட்டுநரின் எடைக்குச் சமமான ஒரு விசை பக்கவாட்டில் வேலை செய்கிறது! அதே வளைவில் 108 கிலோமீட்டரில் போனால் விடை 15. எடையைப்போல் ஒன்றரை மடங்கு. வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. விசையோ பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கூடிவிட்டது. இந்த விசையைத் தரவேண்டியவை நான்கு டயர்கள் மட்டுமே. அவற்றால் முடியாதபோது கார் நேர்கோட்டில் வெளியே போய்விடும்.

அப்படியானால் 108இல் திரும்பவே முடியாதா? முடியும். வளைவின் வெளி ஓரத்தில் நுழைந்து, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்கு வந்தால், சாலை வளைவதைவிடக் கார் மெதுவாக வளைகிறது. ஆரம் 60இலிருந்து 86 மீட்டராக ஆகிவிட்டால், 108 கிலோமீட்டரிலும் விசை முன்பு 90இல் இருந்த அளவேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழியரே! புதுமுகம் ஒருவர் இந்தக் கோட்டை எவ்வளவு விரைவில் பிடித்துக்கொள்கிறார் என்பதை ஆசிரியர்கள் முதலில் கவனிக்கிறார்கள்.

அடுத்தது, ஒரே மாதிரி ஓட்டுவது. எங்கள் ஊர் பெல் தொழிற்சாலையில் கொதிகலன் குழாய்களுக்குப் பற்றவைப்பு செய்யும் தொழிலாளர்கள் அதற்கென்று தேர்வு எழுதியாக வேண்டும். எழுதுவது பேனாவால் அல்ல. பற்றவைத்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். முன்பகுதி மிக அழகாக இருந்து, பின்பகுதியில் ஒரு சிறு துளை இருந்தாலும் போயிற்று. பந்தயத் தேர்வும் அவ்வாறே. ஒரு சுற்றில் மின்னலாய் ஓட்டி அடுத்த சுற்றில் சறுக்குபவரைவிட, பத்துச் சுற்றுகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிப்பவருக்கே மதிப்பெண் அதிகம். காரிலிருந்து இறங்கியதும், எந்த வளைவில் முன்சக்கரம் வழுக்கியது, பிரேக் எப்படி இருந்தது என்று பொறியாளரிடம் தெளிவாகச் சொல்லவும் தெரிய வேண்டும். கவனம் சிதறுவதற்கோ இடமே இல்லை. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், கண் இமைக்கும் ஐந்தில் ஒரு நொடியில் கார் 10 மீட்டர் கடந்துவிடும். கழுத்தும் வலுவாக இருக்க வேண்டும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 6 கிலோ என்றால், மேலே சொன்ன வளைவில் 9 கிலோவாக அது பக்கவாட்டில் இழுக்கும்.

இந்தியாவில் பெரிய அளவில் நடந்த தேர்வு 2011இல் சஹாரா ஃபோர்ஸ் இந்தியா அணி நடத்தியது. நூறு கோடிப் பேரில் ஒருவரைத் தேடுகிறோம் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்கள். சிறிய கார்ட் வண்டிகளில் தொடங்கி வடிகட்டியதில் அர்ஜுன் மைனி, தருண் ரெட்டி, ஜெஹான் தாருவாலா என்னும் மூன்று சிறுவர்கள் தேறினார்கள். ஜெஹான் 2020 டிசம்பரில் பஹ்ரைனில் பார்முலா 2 பந்தயம் ஒன்றில் முதலாவதாக வந்தார். அந்த வகையில் வென்ற முதல் இந்தியர் அவரே. அர்ஜுன் ஜெர்மனியின் டி.டி.எம். பந்தயங்களில் ஓட்டினார். ஆனால் மூவரில் ஒருவரும் பார்முலா 1 பந்தயம் எதிலும் ஓடவில்லை. தேடிய அணியே 2018இல் கடனில் மூழ்கிக் கைமாறிவிட்டது. முதல் கதவைத் திறந்துவிட்டால் போதாது; அதற்கப்பால் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கட்டணம் கேட்கும் கதவுகள் வரிசையாக நிற்கின்றன என்பதே என் கருத்து.

எல்லாவற்றிலும் விந்தையானது ஜி.டி. அகாடமி. நிஸான் கார் நிறுவனமும் சோனியும் சேர்ந்து 2008 முதல் 2016 வரை நடத்தின. வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்து கார்ப் பந்தய விளையாட்டு ஆடுபவர்களில் வேகமானவர்களைத் தேர்ந்து, உண்மைக் காரில் ஏற்றினார்கள். முதலில் வென்றவர் ஸ்பெயின் நாட்டு மாணவர் லூக்காஸ் ஒர்தோன்யெஸ். 2011இல் வென்ற வேல்ஸ் இளைஞர் ஜான் மார்டன்பரோ, இரண்டே ஆண்டுகளில் பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற அணியில் இருந்தார். 2023இல் இவர் கதை திரைப்படமாக வந்தது. விளையாட்டுப் பெட்டியைத் தொட்டாலே திட்டும் பெற்றோர் இதைப் படித்துத் திகைக்கலாம்! ஆனால் பெட்டியில் மோதினால் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தளத்தில் மார்டன்பரோவின் கார் மேட்டில் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்தார்.

ஆபத்தை மறைத்து எழுதுவது முறையாகாது. மேலே சொன்ன செவேர், 1971இல் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் தளத்தில் தம் ஒரே பார்முலா 1 வெற்றியைப் பெற்றார். 1973இல் அதே தளத்தில், பந்தயத்துக்கு முந்தைய நாள் உயிரிழந்தார். நம் இருங்காட்டுக்கோட்டைத் தளத்திலும் 2023 ஜனவரியில் 59 வயது மூத்த கார்ப் பந்தய வீரர் கே.இ. குமார் விபத்தில் மறைந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், அதே தளத்தில், புதியவர்களுக்கான மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயது மாணவர் ஒருவர் விழுந்து இறந்தார். புதியவர்களுக்கான பிரிவு என்ற சொல்லை அதன் பிறகு என்னால் எளிதாகப் படிக்க முடியவில்லை. எத்தனை நாள் பயிற்சிக்குப் பின், எந்த வயதில், எத்தனை வண்டிகளோடு சேர்த்து ஒரு பிள்ளையை ஓடவிடலாம் என்பதைப் பரிசு கொடுப்பவர்களிடம் பெற்றோர்கள் முதலிலேயே கேட்க வேண்டும். நான்கைந்து நாள் தேர்வில் வேகம் தெரிந்துவிடும். பக்கத்தில் இன்னொரு வண்டி உரசும்போது என்ன செய்வார் என்பது தெரியாது.

இதில் சாலைக்கு எந்தப் பங்கும் இல்லை. தளத்தில் ஓட்டப் பந்தயச் சங்கம் தனி உரிமம் தருகிறது. சாலையில் கார் ஓட்ட 18 வயது நிறைய வேண்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. தஞ்சாவூர்ச் சாலையில் மாலை வேளையில் சீறிப் பாயும் அண்ணன்மார் இதைக் கவனிப்பார்களாக.

இவ்வளவு எழுதியும் சிறுவர், இளைஞர் என்றே வந்திருப்பதைத் தோழியர் கவனித்திருப்பீர்கள். நம் மாநிலத்தில் சென்னையின் அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆண்களோடு போட்டியிட்டுப் பெயர் பெற்று, பெண்களுக்கென்று பயிற்சியும் தொடங்கினார். உலக அளவில், சர்வதேச மோட்டார்ச் சங்கமும் ஃபெராரி அணியும் சேர்ந்து 2020இல் சிறுமிகளுக்கென்றே ஒரு தேர்வு நடத்தின. வயது 12 முதல் 16 வரை. ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் பெயர் அனுப்ப வேண்டும். பால் ரிக்கார்டில் கூடிய 20 பேரில் இந்தியச் சிறுமி ஒருவரும் இருந்தார். கார்ட் வண்டியில் தொடங்கிப் பார்முலா 4 காருக்கு ஏற்றி, கடைசியில் நால்வரை இத்தாலிக்கு அழைத்துச் சென்றார்கள். 2021 ஜனவரியில் அறிவித்த வெற்றியாளர் 16 வயது மாயா வேய்க். ஃபெராரியின் பயிற்சிக் கழகத்தில் இடம் பெற்ற முதல் பெண் அவர். அந்த ஆண்டே இத்தாலியப் பார்முலா 4 பந்தயங்களில் ஓட்டினார்.

வயதை மட்டும் பார்த்தால் எங்கள் பத்தாம் வகுப்பு முழுவதும் அந்தத் தேர்வுக்குத் தகுதியானது. ஆனால் பெயர் அனுப்பப்பட, முதலில் கார்ட் பந்தயத்தில் ஓட்டியிருக்க வேண்டும். கரிவரதன் பெயர் தாங்கிய தளம் எங்கள் ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எங்கள் வகுப்பில் அதைப் பார்த்தவர் இதுவரை யாரும் இல்லை.