பேடு மாற்றிய பின்

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். முழுமதி நாள்களிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் அவ்வழியே அண்ணாமலையை நோக்கிச் செல்லும் மக்கள் பலராவர். நடப்போரும் வண்டிகளும் நெருங்கும் அத்தகைய சாலையில் ஒரு காரின் பிரேக் பிடிக்காவிடில் நேர்வது யாது என்பதைக் கூறவேண்டுவதில்லை.

தேய்ந்த பிரேக் பேடுகளைத் தம் கையாலேயே மாற்றிக்கொள்வோர் உளர். வேலை அரிதன்று. ஆயினும் அதனை முடித்து, முதன்முறை பிரேக்கை மிதிக்கும்போது மிதிகட்டை தடையின்றித் தரைவரை தாழ்வதுண்டு. பழைய பேடோடு நின்ற கார் புதிய பேடோடு நில்லாதது ஏன்?

அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தே தரும் அழுத்தம் எங்கும் குறையாது பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. நாம் மிதிக்குங்கால், பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைச் சக்கரத்தருகே உள்ள காலிப்பருக்குக் கொண்டு செல்லும்; அதனுள் இருக்கும் பிஸ்டன் வெளிவந்து, பேடுகளைச் சுழலும் டிஸ்கின் இருபுறமும் நெருக்கும். பேடு தேயத் தேயப் பிஸ்டனும் சிறிது சிறிதாக முன்னேறி நிற்கும். தடித்த புதிய பேடுக்கு இடந்தர அதனை உள்ளே தள்ளுகிறோம் அல்லவா? அப்பொழுது பிஸ்டனுக்கும் பேடுக்கும் இடையே வெளி உண்டாகிறது. முதற்சில மிதிகள் அவ்வெளியை அடைப்பதிலேயே கழிகின்றன. ஆதலின், கார் உருளுமுன், நின்றவாறே பன்முறை மிதித்து, மிதிகட்டை இறுகிய பின்னரே அதனை நகர்த்துதல் வேண்டும்.

எத்துணை மிதித்தும் பஞ்சுபோல் அமிழ்ந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கக்கூடும். ஆயிலைப் போலன்றிக் காற்று நெருக்கினால் சுருங்கும். காலின் விசை அதிலேயே வீணாகும். பட்டறையில் ‘ஏர் எடுத்தல்’ என்று கூறும் முறையால் அதனை வெளியேற்றுவர். ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வந்தால், எங்கோ கசிவு உண்டு. அக்காரைச் சாலைக்குக் கொணர்தல் கூடவே கூடாது.

பிரேக் பிடிக்கையில் கார் ஒருபுறம் இழுத்தால், பேடில் எண்ணெய்ப்பசை பட்டிருக்கலாம். அன்றிக் காலிப்பர் நகர்வதற்கான ஊசிகள் துருவேறி இறுகியிருக்கலாம். சிறிது தூரம் ஓடியபின் ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடேறுதலும் இவ்விறுக்கத்தின் அடையாளமே. பசை பட்ட பேடைத் துடைத்து மாட்டுதல் பொய்ச் சிக்கனம்.

புதிய பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று படியச் சில நூறு கிலோமீட்டர் ஓடவேண்டும். அதுவரை முன்செல்லும் வண்டிக்குப் பின்னே வழக்கத்தினும் மிகுதியான இடைவெளி விட்டே ஓட்டுக.