கைப்பிடியைச் சுற்றினால் ஓடும் அலை

கேள்வி: எங்கள் பள்ளி ஆய்வகத்தில் கைப்பிடி சுற்றும் அலைக் கருவி இருக்கிறது. இதைக் கொண்டு குறுக்கலையை எப்படிப் புரியவைப்பது?
– இயற்பியல் ஆசிரியை ஒருவர்

பதில்: முதலில், கருவியில் வரிசையாக நிற்கும் கம்பிகளில் ஒன்றின் உச்சிக் குமிழில் மட்டும் சிவப்புச் சாயம் பூசுங்கள். மெதுவாகச் சுற்றியபடி, "சிவப்புக் குமிழ் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். அது மேலும் கீழுமே அசையும். அலையோ பக்கவாட்டில் ஓடும். துகளின் அசைவுக்குச் செங்குத்தாக அலை செல்வதுதான் குறுக்கலை.

அடுத்து, உள்ளே இருப்பதைக் காட்டுங்கள். கைப்பிடி சுழற்றும் அச்சில், ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் ஒன்றாக, மையம் விலக்கிப் பொருத்திய வட்டத் தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுத் திரும்பியிருக்கும். தகட்டுக்குத் தகடு 30 பாகை என்றால், 13-வது தகடு முதல் தகட்டைப் போலவே நிற்கும். இடைப்பட்ட தூரமே அலைநீளம். கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் குமிழ் ஒருமுறை ஏறி இறங்கும். முகடு சரியாக ஓர் அலைநீளம் நகரும். வேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்பது கண்ணெதிரே விளங்கும். எதிர்த்திசையில் சுற்றினால் அலையும் எதிர்த்திசையில் ஓடும்.

இக்கருவியின் எல்லையையும் அவசியம் சொல்லுங்கள். இங்கே குமிழ்கள் ஒன்றையொன்று இழுப்பதில்லை. எல்லாவற்றையும் அச்சே அசைக்கிறது. அதனால்தான் வேகமாகச் சுற்றினால் அலையும் வேகமாகிறது. உண்மையான கயிற்றில் அலைவேகத்தைத் தீர்மானிப்பவை கயிற்றின் இழுவிசையும் ஒரு மீட்டருக்கான நிறையும். வேகமாக உதறினால் அலைநீளம்தான் குறையும். ஆற்றல் துகளுக்குத் துகள் கைமாறுவதைக் காட்ட, பெல் ஆய்வகத்தின் ஜான் ஷைவ் உருவாக்கிய முறுக்குக் கம்பிக் கருவி உதவும். அது இல்லையென்றால் நீளமான கயிறு போதும்.

கருவி, கயிறு இரண்டையும் ஒரே வகுப்பில் காட்டுங்கள். கைப்பிடியை மாணவர்களிடமே கொடுங்கள்.