கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். கணினி ஆய்வகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் தம் பைத்தான் நிரலை என்னிடம் காட்டினார். மடக்கினுள் ஓர் இஃப் கட்டளை, அதன் கீழ் மூன்று வரிகள். மூன்றும் ஒரே நேராகத்தான் இருந்தன. ஆனால் நிரல் ஓடவில்லை. "எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு?" என்றார். மணி அடிக்கப் போகிற அவசரம் எனக்கு. "கவனமில்லாமல் தட்டச்சு செய்திருப்பாய், முதலிலிருந்து எழுது" என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிப் போனது.

மாலையில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். முதல் இரண்டு வரிகளுக்கு முன் எட்டு வெற்றிடங்கள். மூன்றாம் வரியை வேறொரு கணினியில், நோட்பேடில் சேர்த்திருக்கிறார். அங்கே ஒரு டேப் விழுந்திருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே அகலம். பைத்தான் 3-க்கு இரண்டும் வேறு. கலந்து எழுதினால் ஏற்காது. திரையில் வந்த பிழைச் செய்தியும் அதைத்தான் சொன்னது. நான்தான் படிக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டு, இதே டேப்பைப் பற்றிய ஒரு வரலாற்றைப் பாடமாக்கினேன்.

மேக் பிறந்த கதை

1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். பிழையைத் திருத்திய பிறகும் புதிய நிரலைப் பெயர்க்க மறந்து, பழையதையே ஓட்டிப் பார்த்து, சக ஊழியர் ஒருவர் ஒரு காலைப் பொழுதை வீணாக்கியிருந்தார். அதுவே தூண்டுகோல்.

மேக் செய்யும் வேலையை நம் சமையலறையைக் கொண்டு விளக்கினேன். கரும்பலகையில் இரண்டு வரிகள்:

இட்லி : மாவு
(டேப்) வேகவை

முதல் வரி, எது எதைச் சார்ந்தது என்கிறது. இரண்டாம் வரி, என்ன செய்ய வேண்டும் என்கிறது. இட்லியைவிட மாவு புதிதாக இருந்தால் மட்டும் மீண்டும் வேகவைக்க வேண்டும். இல்லையேல் அடுப்பைத் தொட வேண்டாம். கோப்புகள் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை ஒப்பிட்டு மேக் இதை முடிவு செய்கிறது.

இந்த வரிகளைப் பிரித்து அறியும் பகுதிக்குப் 'பாகுபடுத்தி' என்று பெயர். 'நடந்தனன்' என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி எனத் தமிழாசிரியர் பிரித்துக் காட்டுவது போன்ற வேலைதான் இது. எந்த வரி சார்பு, எந்த வரி கட்டளை என்று அறிய ஃபெல்ட்மேன் எளிய வழி ஒன்றை வைத்தார்: டேப்பில் தொடங்கினால் அது கட்டளை.

வெற்றிடமும் டேப்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் இந்த வழியில் இடறல் இருந்தது. சில வாரங்களில் அவருக்கே அதை மாற்றலாம் என்று பட்டது. ஆனால் அதற்குள் பன்னிரண்டு பேர் அளவில் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என விட்டுவிட்டார். பின்னர் மேக் உலகெங்கும் பரவியது; 2003-இல் அவருக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருதும் கிடைத்தது. டேப்பும் கூடவே பரவியது.

பழையதை உடைக்காமல் மாற்றுவது

பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஜிஎன்யூ மேக் முதலில் பிழைச் செய்தியைத் திருத்தியது. 'பிரிப்பான் இல்லை' என்பதோடு நிற்காமல், 'எட்டு வெற்றிடத்துக்குப் பதில் டேப் இட நினைத்தீர்களா?' என்ற பொருளில் கேட்டது. 2010-இல் வந்த 3.82 பதிப்பில், டேப்புக்குப் பதிலாக வேறு குறியை நாமே தேர்ந்துகொள்ள வழி வந்தது. கேட்காதவர்களுக்கு இன்றும் டேப்தான். பழைய கோப்புகள் பழையபடியே ஓடும்.

சிமேக் என்ற மற்றொரு கருவி இன்னொரு வழியைக் காட்டியது. தனக்கு எந்தப் பதிப்பு முதல் தேவை என்பதைக் கோப்பே தொடக்கத்தில் அறிவிக்கும். அறிவித்த பதிப்புக்குரிய விதிப்படியே அது படிக்கப்படும். நீக்கப்பட உள்ள விதிக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வரும். அப்படி எச்சரித்த பிறகே, 2025-இல் வந்த 4.0 பதிப்பு, 3.5-க்கு முந்தைய விதிகளை முற்றிலும் கைவிட்டது.

என் ஆய்வகத்தின் டேப்

பாடம் முடிந்ததும் அதே மாணவி எழுந்தார். "பன்னிரண்டு பேர் இருந்தப்பவே மாத்தியிருக்கலாமே சார்?" எனக்குச் சுருக்கென்றது. நான் இப்பள்ளிக்கு வந்த முதல் ஆண்டில் கணினிப் பிரிவில் பதினான்கு பேர். 'அவரவர் பெயரில் கோப்பைச் சேமியுங்கள்' என்று ஒரு விதி வைத்தேன். ஒரே பெயரில் இருவர் வந்தால் சிக்கல் என்று அப்போதே தெரியும். பழகிவிட்டதே என்று விட்டேன். இப்போது எண்பது பேர். அதற்கு முந்தைய ஆண்டு, செய்முறைத் தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, ஒரே பெயருள்ள இருவரில் ஒருவரின் வேலையை மற்றவருடைய கோப்பு அழித்துவிட்டது. அந்த மாணவர் இரண்டு மாலைகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மீண்டும் எழுதினார்.

அன்றே மாணவர்களோடு சேர்ந்து புது விதி எழுதினோம். புதிய கோப்புகளுக்கு வருகை எண்ணும் பெயரும். பழைய பெயர்கள் திருப்புதல் தேர்வு வரை செல்லும். அதுவரை ஆய்வகக் கதவில் அறிவிப்பு இருக்கும். அதன் பிறகு செல்லாது. யாருடைய கோப்பும் தொலையவில்லை.

நம் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு டேப் இருக்கலாம்: பதிவேட்டில் ஒரு கட்டம், வீட்டுப்பாடத்தில் ஒரு விதி. அதில் இடறும் மாணவரைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளும் முன், விதியை ஒருமுறை பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால், பயன்படுத்துவோர் குறைவாக இருக்கும்போதே மாற்றுங்கள். காலம் கடந்துவிட்டால் அறிவித்து, அவகாசம் கொடுத்து மாற்றுங்கள்.