மலையடிவாரத்து வீட்டில் நாய் வளர்க்கிறீங்களா? சில கைக்குறிப்புகள்

கோம்பை நாய் பிறந்த மண் நம்ம தேனி மாவட்டம். நாய் வளர்ப்பை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனா கூடலூர், சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, கடமலைக்குண்டு பக்கமெல்லாம் தோப்பு முடிஞ்சா அடுத்தது காடுதான். அந்தக் காட்டைத்தான் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமா அறிவிச்சாங்க. தோப்புக்கு வர்ற தேவாங்கும் பிழைக்கணும், நம்ம வீட்டு மணியும் சிறுத்தைகிட்ட இருந்து தப்பணும். ரெண்டுக்கும் பெரிய செலவில்லாத வழி இருக்கு.

1. பொழுது சாயும்போதே நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்க. தேவாங்கு இரை தேடக் கிளம்புறதும் ராத்திரிதான், சிறுத்தை நடமாடுறதும் பெரும்பாலும் ராத்திரிதான். வாசல்ல சங்கிலி போட்டுக் கட்டினா காவல்னு நினைக்கிறோம். ஓட வழியில்லாத நாய் சிறுத்தைக்குச் சுலபமான இரை. வீட்டு நடையில படுத்துக்கிட்டே குரைச்சாலும் திருடனுக்குக் கேட்கும்!

2. உள்ளே இடமில்லையா? பழைய இரும்புக் கடையில ஜன்னல் கிரில் எடை போட்டு வாங்கி, வெல்டிங் கடையில கொடுத்துக் கூண்டாக்கிடலாம். மேல் பக்கமும் கம்பி போட்டு அடைக்கணும், சிறுத்தைக்குச் சுவர் ஏறத் தெரியும்.

3. தேவாங்குக்கு மரம்தான் ரோடு. கிளைக்குக் கிளை தொட்டுக்கிட்டு இருந்தா அது தரைக்கு இறங்கத் தேவையே இல்லை; நடுவுல மரத்தை வெட்டினாத்தான் இறங்கி, நாய் வாயில மாட்டுது. தோப்புல இடைவெளி விழுந்த இடத்துல, கிணத்துக்குப் பயன்படாத பழைய தேங்காய்நார் வடத்தை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டுங்க. வால்பாறையில சிங்கவால் குரங்கு ரோட்டைத் தாண்ட இதே மாதிரிதான் மரத்துக்கு மரம் பாலம் கட்டி விட்டிருக்காங்க.

4. கற்சுவர் வச்ச வீடுன்னா, உள்ளே இறங்கின தேவாங்கு ஏறித் தப்பிக்க உள்பக்கம் ஒரு மூங்கில் கழியைச் சாய்ச்சு வைங்க. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் மாதிரி ஊர்கள்ல வீட்டுத் தோட்டத்துக்குக் கோலா வந்துடும். நாய் துரத்தினா ஏறித் தப்பிக்க வேலியோரம் இப்படித்தான் கட்டை வைக்கிறாங்க. கிளுவை வேலி இருக்கிறவங்களுக்கு இந்த வேலை மிச்சம், வேலியே ஏணி. அதை வெட்டிட்டு காம்பவுண்டு கட்டுறதுல எனக்கு என்னமோ இஷ்டமில்லை.

5. ராத்திரி நாயை ஒண்ணுக்கு வெளியே விடும் முன்னாடி வேலியையும் முருங்கையையும் டார்ச் அடிச்சு ஒரு சுத்துப் பாருங்க. ரெண்டு செம்மஞ்சள் புள்ளி ஜோடியா மின்னினா அது தேவாங்குக் கண்ணா இருக்கலாம். நாயை வேற பக்கம் கூட்டிப் போங்க. டார்ச் முகப்புல சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினா வெளிச்சம் அதோட கண்ணை உறுத்தாது.

6. அடிபட்ட தேவாங்கைப் பார்த்தா பழைய வேட்டித் துணியால மூடி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில வச்சு இருட்டா விடுங்க. பால், வாழைப்பழம் எதுவும் ஊட்ட வேண்டாம். நாய்ப்பல் பட்ட காயம் வெளியே சின்னதாத் தெரிஞ்சாலும் உள்ளே சீழ் வைக்கும், அதனால உடனே வனத்துறைக்குச் சொல்லணும். ரேஞ்சர் ஆபீஸ் நம்பரை இன்னைக்கே தினசரி காலண்டர் அட்டையில எழுதிடுங்க. கரூர், திண்டுக்கல் மாவட்டத்துல கடவூர்ப் பக்கம் 2022-ல் 11,806 ஹெக்டேர்ல தேவாங்குக்குன்னே சரணாலயம் அறிவிச்சாங்க, நாட்டிலேயே அதுதான் முதல். தேவாங்கைத் தாயத்துக்கும் மாந்திரீகத்துக்கும் பிடிக்கிற கூத்து இனியாவது ஒழியட்டும்.

7. சோத்துச் சட்டியை ராத்திரி வெளியே விடாதீங்க. மிச்ச சோறு காட்டுப்பன்றியை வீட்டுக்கே கூட்டி வரும். வெள்ளெனப் போட்டு, சட்டியைக் கழுவிக் கவுத்துட்டா எறும்புத் தொல்லையும் இல்லை.

8. பகல்ல தோப்புல சுத்துற நாய்க்குக் கழுத்துப்பட்டையில ஆட்டுமணி ஒண்ணு. புதருக்கடியில மேயுற மயிலுக்கு முன்கூட்டியே சத்தம் கேட்கும். நாய் எங்கே போச்சுன்னு நாமும் தேடி அலைய வேண்டாம்.

9. கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாத்துக்கும் வேட்டை ரத்தம், ஓடுறதைப் பார்த்தா துரத்தும். குட்டியிலேயே “வா”ன்னு கூப்பிட்டு, வந்ததும் துளி கருவாடு கொடுத்துப் பழக்குங்க. திட்டிக்கிட்டே கூப்பிட்டா எந்த நாயும் வராது.

10. யானை வந்திருக்குன்னு அறிவிப்பு கேட்டா முதல் வேலை நாயைப் பூட்டுறது. நாய் யானையைப் பார்த்துக் குரைக்கும், யானை திரும்பினா நேரா நம்ம காலடிக்கே ஓடி வரும், பின்னாடியே யானையும்! 2023 மே மாசம் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவுக்குள்ள வந்ததை மறந்திருக்க மாட்டீங்க.

11. வெறிநாய்த் தடுப்பூசிக்குக் காசு இல்லைன்னு தள்ளிப் போடாதீங்க. ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகள்ல இலவசமாப் போடுவாங்க. அப்போ டிஸ்டெம்பர் ஊசியையும் டாக்டர்கிட்ட கேளுங்க. 2018-ல் குஜராத் கிர் காட்டுல 20-க்கும் மேல சிங்கங்கள் செத்தப்போ, டிஸ்டெம்பர் கிருமி அதுகள்ல கண்டுபிடிக்கப்பட்டுச்சு. நம்ம மலையில செந்நாய் இருக்கு, அதுக்கும் இது தொத்தலாம்.

12. முள்ளம்பன்றி முள் குத்தினா கொறடு போட்டு இழுக்காதீங்க, உள்ளே முறிஞ்சுக்கும். டாக்டர் மயக்க ஊசி போட்டு எடுக்கிறதுதான் சரி.

13. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுற பழக்கம் வேண்டாம், நாய் நக்கினா விஷம். காட்டோரம் போய் வந்ததும் காது மடல், விரலிடுக்கு, வாலடி மூணையும் தடவிப் பார்த்து, இடுக்கியால எடுத்து சோப்புத் தண்ணியில போடுங்க.

14. பெட்டை நாய்க்கு நேரத்தோட கருத்தடை பண்ணிடுங்க. ஒரு தடவை செலவு, அதுக்கப்புறம் குட்டியை யார் தலையில கட்டுறதுங்கிற தேடல் இல்லை. சாக்குல கட்டி மலையடிவாரத்துல விட்டுட்டு வர்ற குட்டிகள்தான் வளர்ந்து கூட்டமாச் சேர்ந்து மானைத் துரத்துது. ஆண் நாய்க்குப் பண்ணினாலும் ஊர் சுத்துறது குறையும், ராத்திரி கதவைப் பிறாண்டுறதும் குறையும்.