ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மனு

1971ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. டிசம்பர் 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. வங்காள தேசம் என்ற புதிய நாடு பிறந்தது. டாக்காவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். மேற்கு எல்லையிலும் கடும் சண்டை நடந்தது. அங்கே ஷக்கர்கர் என்ற பகுதியில் வயல் முழுவதும் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பட்டாளம் ஒன்றும் அங்கே போரிட்டது.

அந்தப் பட்டாளத்தில் நம் பெரியவர் சிப்பாயாக இருந்தார். அப்போது அவருக்கு 20 வயது. எதிரியின் பீரங்கிக் குண்டு அருகில் விழுந்து வெடித்தது. இரும்புத் துண்டுகள் அவருடைய இடது தொடையில் பாய்ந்தன. பல மாதம் ராணுவ மருத்துவமனையில் கிடந்தார். இரண்டு துண்டுகளை எடுக்க முடியவில்லை. 1972ஆம் ஆண்டு, இனி படைக்கு ஆகாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தார். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். "நொண்டி மிலிட்டரி" என்று பெயர் வைத்தார்கள். முதலில் மரியாதையாகத்தான் இருந்தது. வருடங்கள் போகப் போக ஊர்ப்பேச்சு மாறியது. "சண்டையில் ஒன்றும் அடிபடவில்லை. ரேஷன் லாரியிலிருந்து விழுந்தாராம்" என்று யாரோ சொன்னார்கள். அது பரவிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்த அவருடைய மகன், "அப்பா, நீங்க லாரியில இருந்து விழுந்தீங்களாமே?" என்று கேட்டான். பெரியவர் பதில் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அவரிடம் ஒரு பதக்கம் இருந்தது. அதன் பெயர் பஸ்சிமி ஸ்டார். மேற்கு எல்லைப் போர்முனையில் பணி செய்தவர்களுக்குக் கொடுத்தது. காயம் பட்டவருக்கும் அதுதான், படாதவருக்கும் அதுதான். அதைக் காட்டி ஊர் வாயை மூட முடியுமா?

ஒருநாள் மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் கூட்டம் நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மார்பில் ஒரு பதக்கம் தொங்கியது. வெள்ளை நாடா. நடுவில் சிவப்புக் கோடு. "இது என்ன பதக்கம் அண்ணே?" என்று கேட்டார்.

"இது காயப் பதக்கம் தம்பி. உனக்கு வரலையா?"

அன்றைக்குத்தான் பெரியவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியும்.

காயப் பதக்கத்தை இந்திய அரசு 1973ஆம் ஆண்டு ஏற்படுத்தியது. இப்போது இதற்கு பராக்கிரம் பதக் என்று பெயர். எதிரி நேராகத் தாக்கியதால் காயம் பட்டவருக்கு இது உரியது. குண்டடி பட்டவருக்கு உண்டு. பயிற்சியில் கால் முறிந்தவருக்குக் கிடையாது. லாரி கவிழ்ந்து அடிபட்டவருக்கும் கிடையாது. 1973க்கு முன்னால் நடந்த போர்களில் காயம் பட்டவர்களுக்கும் இந்தப் பதக்கம் பொருந்தும். ஆனால் நம் பெரியவர் 1972லேயே வீட்டுக்கு வந்துவிட்டாரே! பதக்கம் பிறப்பதற்கு முன்பே படையை விட்டவருக்கு யார் சொல்வார்கள்? அவருக்கு எழுதப் படிக்கவும் அவ்வளவாக வராது. இதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னார். மருமகள் எழுத்தறிவு மையத்தில் படித்தவள். கடிதம் எழுதுவாள். ரேஷன் அட்டையில் இருந்த பிழையை மனு கொடுத்துத் திருத்தியவள்.

"மாமா, உங்க பட்டாளத்துக் காகிதம் எல்லாம் எங்க இருக்கு?"

"டிரங்குப் பெட்டியில இருக்குது தாயி. எலி தின்னது போக."

பெட்டியைத் திறந்தார்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தது. ஓய்வூதிய ஆணை இருந்தது. மருத்துவமனைச் சீட்டு ஒன்று பாதி கிழிந்து கிடந்தது. எல்லாம் ஆங்கிலம். மருமகளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எண்களைப் படித்தாள். "மாமா, இதுல 1971னு இருக்கு. பன்னிரண்டாம் மாசம் போட்டிருக்கு." பெரியவர் அந்தச் சீட்டை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார்.

மறுநாள் இருவரும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார்கள். அங்கிருந்த எழுத்தர் காகிதங்களைப் புரட்டினார்.

"ஐயா, டிஸ்சார்ஜ் புத்தகத்துல காயம்னுதான் இருக்கு. எதிரி குண்டுனு இல்லை. அதுதான் முக்கியம். ஏன் இத்தனை வருஷம் கேட்கலை?"

"கேட்கலாம்னு தெரியாதுங்க ஐயா."

எழுத்தர் வழி சொன்னார். ஒரு வீரர் போரில் காயம் பட்டால் அப்போதே அவருடைய பட்டாளம் அதை எழுதி மேலிடத்துக்கு அனுப்பும். அந்த விவரம் ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீஸில் பதிவாகும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு ரெக்கார்டு ஆபீஸ் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. அங்கே எழுதிக் கேட்க வேண்டும். வீட்டில் காகிதம் தொலைந்தாலும் அங்கே இருக்கலாம்.

மருமகள் தமிழில் எழுதினாள். அலுவலகத்தில் அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அவள் எழுதியது இதுதான்:

"ஐயா, என் படை எண் ........ பதவி சிப்பாய். பட்டாளம் ........ படையில் சேர்ந்த தேதி ........ விலகிய தேதி ........ 1971 டிசம்பரில் ஷக்கர்கர் பகுதியில் எதிரியின் பீரங்கிக் குண்டுச் சிதறல் என் இடது தொடையில் பாய்ந்தது. மருத்துவமனைச் சீட்டின் நகல் இணைத்துள்ளேன். எனக்குக் காயப் பதக்கம் வழங்கப்படவில்லை. பதிவேட்டைப் பார்த்து, எனக்கு அந்தப் பதக்கம் உரியதானால் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு ........"

நகலைத்தான் அனுப்பினார்கள். அசல் சீட்டு டிரங்குப் பெட்டிக்கே திரும்பிப் போனது. பதிவுத் தபால் ரசீதையும் மருமகள் பத்திரப்படுத்தினாள்.

இதற்காகப் பணம் வருமா என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். பதக்கத்தால் மாதப் பணம் வராது. ஓய்வூதியம் வேறு விஷயம். எதிரியால் காயம் பட்டவருக்குப் போர்க் காய ஓய்வூதியம் உண்டு. அது சாதாரண ஊன ஓய்வூதியத்தை விட அதிகம். காயம் எப்படி ஏற்பட்டது என்ற பதிவு இதற்கும் வேண்டும். ஆகவே பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி சிறிய விஷயம் அல்ல.

பதிவேடே அழிந்துவிட்டால்? அமெரிக்காவில் அப்படி நடந்தது. 1973 ஜூலை 12ஆம் தேதி செயின்ட் லூயிஸ் நகரில் படைவீரர் ஆவணக் கட்டடம் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. அந்த நாட்டில் காயம் பட்ட வீரருக்குக் கொடுக்கும் பதக்கத்தின் பெயர் பர்ப்பிள் ஹார்ட். கோப்பு எரிந்துபோன கிழவர்கள் அதைக் கேட்டபோது, காயத்தை நேரில் அறிந்த கூட்டாளிகளின் உறுதிமொழியைச் சேர்த்து அனுப்பினார்கள். பழைய கூட்டாளியின் விலாசத்தைத் தொலைக்காமல் வைத்திருப்பது நல்லது.

நம் நாட்டிலும் நெடுங்காலம் காத்திருந்தவர் உண்டு. மகாராஷ்டிர மாநிலத்தைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர் 1965 போரில் பல குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கினார். 1972இல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் நடந்த ஊனமுற்றோர் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தப் போட்டிகளில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். பத்மஸ்ரீ விருது 2018இல் வந்தது. அர்ஜுனா விருது 2025 ஜனவரியில் வந்தது. நீச்சலில் வென்று 52 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது! அது விளையாட்டு விருதுதான், காயப் பதக்கம் அல்ல. ஆனாலும் இந்தச் செய்தியை மருமகள் படித்துக் காட்டியபோது, "அவரே அத்தனை வருஷம் இருந்தாரா?" என்று பெரியவர் இரண்டு முறை கேட்டார்.

மூன்று மாதம் பதில் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு வந்தது. அதன்படி மத்திய அரசு அலுவலகத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுக்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மருமகள் போஸ்டல் ஆர்டர் வாங்கி வைத்தாள். அதற்குத் தேவை வரவில்லை. அந்த வாரமே தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்தார்.

அதில் இரண்டு செய்தி இருந்தது. பெரியவரின் பெயர் 1971 டிசம்பர் பதிவில் இருக்கிறது. எதிரியின் குண்டுச் சிதறலால் காயம் என்று அதில் எழுதியிருக்கிறது. பதக்கம் கேட்ட மனு மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது.

பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொன்னாள். மகன் வயலிலிருந்து வந்தான். கடிதத்தை வாங்கிக்கொண்டான். "எந்த வரியில இருக்கு?" என்று கேட்டான். மாணவி விரல் வைத்துக் காட்டினாள். அவன் நெடுநேரம் அந்த வரியையே பார்த்தான். பிறகு, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றான்.

பதக்கம் இன்னும் வரவில்லை. கடிதத்தின் நகலைப் பெரியவர் டீக்கடைக்கு எடுத்துப் போனார்.

சொற்பொருள்
சிதறல் – வெடித்துப் பறக்கும் துண்டு
அசல் – முதல் காகிதம்
நகல் – அசலைப் பார்த்து எடுத்த படி
பதிவேடு – விவரம் எழுதி வைக்கும் ஏடு

பேசிப் பாருங்கள்
1. பெரியவருக்குப் பதக்கம் உண்டு என்று இத்தனை காலம் ஏன் தெரியவில்லை?
2. லாரி கவிழ்ந்து அடிபட்ட வீரருக்கு இந்தப் பதக்கம் இல்லை. இது சரியா? உங்கள் கருத்து என்ன?
3. உங்கள் ஊரில் முன்னாள் படைவீரர் யார் யார் இருக்கிறார்கள்? அவர்களுடைய காகிதங்கள் எங்கே இருக்கின்றன?

எழுதிப் பாருங்கள்
மருமகள் எழுதிய கடிதத்தில் புள்ளி வைத்த இடங்களை நிரப்பி, உங்கள் ஊர்ப் படைவீரர் ஒருவருக்காக முழுக் கடிதமாக எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.