முதலில் கரண்டி, பிறகு கடிகாரம்

‘ராத்திரி ஏழு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆனாலும் எடை இறங்க மாட்டேன் என்கிறது!’ அக்கம்பக்கத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. எடை குறைய வேண்டுமென்றால் நேரமும் பார்க்க வேண்டும், அளவும் பார்க்க வேண்டும். ஆனால் அளவுதான் மூத்தது. அடுப்படியிலேயே செய்து பார்க்கக்கூடிய சில வழிகள் இதோ:

1. சீனாவின் குவாங்சோ நகரில் உடல் பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கலோரியைக் குறைத்தார்கள். பாதிப் பேர் மட்டும் காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அவர்கள் சராசரியாக 8 கிலோ குறைந்தார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் 6.3 கிலோ குறைந்தார்கள். இது பெரிய வித்தியாசம் இல்லை என்பதே ஆய்வின் முடிவு. இரு தரப்புக்கும் எடை இறங்கியதற்குக் காரணம் தட்டில் குறைந்த அளவுதான்.

2. சாதத்துக்கென்று ஒரு கிண்ணத்தை ஒதுக்கி வையுங்கள். 100 கிராம் சாதத்தில் சுமார் 130 கலோரி இருக்கிறது. குழம்புக்குக் கொஞ்சம், ரசத்துக்குக் கொஞ்சம், மோருக்குக் கொஞ்சம் என்று மூன்று முறை போட்டுக்கொள்ளும்போதுதான் கணக்கு தவறுகிறது. கிண்ணத்துச் சாதத்தை முதலிலேயே தட்டில் கொட்டி, மூன்று பாகமாகப் பிரித்துவிடுங்கள். பாத்திரத்தைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராமல் அடுப்படியிலேயே மூடி வையுங்கள்.

3. தட்டில் முதலில் விழ வேண்டியது பொரியலும் கூட்டும். தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கட்டும் என்றுதான் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சொல்கிறது. அவரைக்காய், கீரை, சுரைக்காய், கோஸ் எதுவானாலும் சரி. உருளைக்கிழங்கு வறுவலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. எண்ணெய்ப் பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, டீஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சுமார் 45 கலோரி. தோசைக்கு இரண்டு டீஸ்பூன் வீதம் நான்கு தோசை சுட்டால், எண்ணெயிலிருந்து மட்டும் 360 கலோரி சேர்ந்துவிடும். ‘இரண்டு இட்லிதானே சாப்பிட்டேன்’ என்பவர்கள் மிளகாய்ப்பொடியில் குழைத்த நல்லெண்ணெயையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

5. காபி, டீயைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை, தடவைக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் ஏறத்தாழ 40 கிராம் ஆகிறது. அதில் மட்டும் 160 கலோரி. வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கும் பழகிவிடும்.

6. காலையில் வயிறார, இரவில் அளவோடு என்று மாற்றிப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 30 பேரை நான்கு வாரம் காலையில் அதிகமாகவும், நான்கு வாரம் இரவில் அதிகமாகவும் சாப்பிட வைத்தார்கள். ஒரு நாளின் மொத்தக் கலோரியில் மாற்றமில்லை. இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே அளவுதான் எடை குறைந்தது. ஆனால் காலையில் நிறையச் சாப்பிட்ட வாரங்களில் பசி அடங்கியே இருந்தது. நேரத்தால் கிடைக்கும் நல்ல லாபம் இதுதான். பசி அடங்கினால் கையும் அடங்கும்.

7. காலை உணவில் பருப்பு, பயறு, முட்டை ஏதாவது ஒன்று இருக்கட்டும். வெறும் ரவா உப்புமா சாப்பிட்டவருக்குப் பதினோரு மணிக்கே வயிறு கேட்கும். பெசரட்டு, அடை, சுண்டல், வேகவைத்த முட்டை என்றால் மதியம் வரை தாங்கும். காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதால் மட்டுமே எடை ஏறிவிடாது. அந்தப் பசியில் டீக்கடை வடையும் பஜ்ஜியும் உள்ளே போவதுதான் ஆபத்து.

8. ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் கொழுப்பு வேகமாகக் கரையும் என்று நம்ப வேண்டாம். மொத்த அளவு ஒன்றாக இருந்தால் மூன்று வேளையும் ஆறு வேளையும் ஒன்றுதான். உங்கள் வீட்டு வேலைக்கும் பசிக்கும் எது பொருந்துமோ அதைப் பின்பற்றுங்கள்.

9. படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நெஞ்செரிச்சலும் குறையும், டி.வி. முன்னால் முறுக்கு, மிக்சர் கொறிப்பதும் நிற்கும். கொறிக்கும் டப்பாவைக் கைக்கெட்டாத பரணில் வைத்தாலே பாதி வெற்றி.

10. விரத நாளில் ஏமாந்துவிடாதீர்கள். பகல் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு, இரவுப் பலகாரம் என்று நெய் மணக்கக் கேசரியும் எண்ணெய் ஊற்றிய அடையும் சாப்பிட்டால், மிச்சம் பிடித்ததெல்லாம் திரும்ப வந்துவிடும். பழம், மோர், ஆவியில் வெந்த கொழுக்கட்டை போதும்.

11. வாரம் ஒரு நாள் மட்டும், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இஞ்ச் டேப்பால் இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டாமல் இருப்பது நல்லது. வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே நல்ல முன்னேற்றம்.

12. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் வேளையைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

13. கடைசியாக, வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்களுக்கு. பல வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். பிள்ளை கடித்து வைத்த அரைத் தோசை, அடி ஒட்டிய ஒரு கை சாதம், கிண்ணத்தில் தங்கிய பாயசம் எல்லாவற்றையும் ‘வீணாகிறதே’ என்று சிங்க் பக்கத்தில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வேன். அதன் பிறகுதான் என் தட்டு. அந்த ‘மிச்சம்’ தினமும் ஒரு தனி வேளைச் சாப்பாடு என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. இப்போது அரிசியை அரை ஆழாக்குக் குறைத்து வைக்கிறேன். மிஞ்சும் சாதத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைக்குப் பழையது ஆகிவிடும். பிள்ளைகளோடு நானும் உட்கார்ந்து, சூடாக, என் தட்டில் போட்டுச் சாப்பிடுகிறேன். நீங்களும் இன்று இரவே உங்களுக்கும் ஒரு தட்டு எடுத்து வையுங்கள்.