ஆளுமை: கொள்கைகளும் அளவுகோல்களும்

பொதுப் பணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு எதுவாயினும் இரு வினாக்களுக்கு விடை காண வேண்டியுள்ளது. விண்ணப்பதாரர் எவற்றை அறிந்திருக்கிறார் என்பது முதல் வினா. அவர் எத்தகையவர் என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கு எழுத்துத் தேர்வு பெருமளவு விடை தந்துவிடுகிறது. இரண்டாவதே கடினமானது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வில், 2013 முதல், தரவரிசைக்குக் கணக்கிடப்படும் 2,025 மதிப்பெண்களில் 275 ஆளுமைத் தேர்வுக்கு உரியவை. சில மதிப்பெண் வேறுபாட்டில் ஓர் இளைஞரின் பணியும் பணிபுரியும் மாநிலமும் மாறிவிடக் கூடும். எனவே, ஆளுமை என்பது யாது, அதனை அளக்க இயலுமா, இயலுமெனில் எந்த அளவுக்கு என்னும் வினாக்கள் மாணவர்க்கும் அலுவலர்க்கும் ஒருங்கே உரியவை.

ஆளுமை என்பது யாது?

அன்றாட வழக்கில் ஆளுமை என்னும் சொல் கம்பீரமான தோற்றத்தையோ சொல்வன்மையையோ குறிக்கிறது. உளவியலில் அதன் பொருள் வேறு. ஒருவரது எண்ணம், உணர்ச்சி, நடத்தை ஆகியவற்றில் காலம் கடந்தும் நிலைத்து நின்று, அவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் ஒழுங்கமைவே ஆளுமை எனப்படும். எனவே கூச்சமுள்ளவருக்கும் ஆளுமை உண்டு. குறைவாகப் பேசுபவருக்கும் உண்டு.

மனிதரை வகைப்படுத்தும் முயற்சி பழமையானது. கிரேக்க மருத்துவ மரபு உடலின் நான்கு நீர்மங்களைக் கொண்டு மனப்பாங்கை விளக்கியது. நம் நாட்டில் சாங்கியம் சத்துவம், ராஜசம், தாமசம் என்னும் முக்குணங்களைக் கூறியது. ஆயுர்வேதம் வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் அடிப்படையில் ஒருவரது இயல்பை வகுத்தது. ஆயினும், சோதனைக்கு உட்படுத்தத்தக்க கொள்கைகள் இருபதாம் நூற்றாண்டிலேயே உருப்பெற்றன. இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இல் உளவியல் துறை தொடங்கப்பட்டது. 1922-இல் கிரீந்திரசேகர் போஸ் அந்நகரில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார்.

ஆளுமை பற்றிய கொள்கைகளைப் பயிலும்போது ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் நன்று. ஒவ்வொரு கொள்கையும் தனக்கேற்ற அளவுகோலை உருவாக்கிக் கொண்டுள்ளது. கொள்கையின் வலிமையும் குறையும் அவ்வளவுகோலிலும் படிந்துள்ளன.

உளப்பகுப்பாய்வும் புறத்தேற்று முறைகளும்

நடத்தையின் வேர்கள் நனவிலி மனத்தில் உள்ளன என்பது சிக்மண்ட் ஃப்ராய்டின் கருத்து. உடனடி இன்பத்தை நாடும் ‘இட்’, உலக நடப்பை அறிந்து செயற்படும் ‘ஈகோ’, சமூக நெறிகளைத் தாங்கி நிற்கும் ‘சூப்பர் ஈகோ’ ஆகிய மூன்றின் இடையறாப் போராட்டமே ஆளுமை என அவர் விளக்கினார். அவரிடமிருந்து பிரிந்த ஆட்லர், தாழ்வுணர்வை வெல்லும் முயற்சியை முதன்மைப்படுத்தினார். யுங் 1921-இல் வெளியிட்ட நூலில் மனிதரை அகமுகர், புறமுகர் எனப் பிரித்தார்.

மனத்தின் ஆழத்தில் உள்ளதை நேரடியாகக் கேட்டு அறிய இயலாது என்பது இக்கொள்கையின் விளைவு. ஆகவே, தெளிவற்ற ஒன்றைக் காட்டி, அதற்கு ஒருவர் கற்பிக்கும் பொருளிலிருந்து அவரது அகத்தை உய்த்துணரும் புறத்தேற்று முறைகள் தோன்றின. ரோர்ஷாக் 1921-இல் வெளியிட்ட சோதனையில் பத்து மைத்தடங்கள் உள்ளன. 1935-இல் மார்கனும் முர்ரேயும் அறிமுகப்படுத்திய பொருளறிவோடு புணர்த்தற் சோதனையில், படத்தைக் கண்டு கதை புனைய வேண்டும். கூற விரும்பாததையும் வெளிப்படுத்தும் வாய்ப்பு இம்முறைகளின் சிறப்பு. ஒரே விடையை இரு வல்லுநர்கள் இருவேறாகப் பொருள் கொள்ளக் கூடும் என்பது இவற்றின் குறை.

பண்புக்கூறுகளும் வினாநிரல்களும்

ஆல்போர்ட் வேறு வழியில் சென்றார். அவரும் ஓட்பெர்ட்டும் 1936-இல் ஆங்கில அகராதியிலிருந்து மனித இயல்பைச் சுட்டும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் தொகுத்தனர். இத்தகைய பட்டியலிலிருந்து தொடங்கி, காரணிப் பகுப்பாய்வு என்னும் புள்ளியியல் முறையின் துணையால் காட்டெல் 16 காரணிகளைக் கண்டார். ஐசென்க் மிகச் சில அடிப்படைப் பரிமாணங்களே போதும் என்றார். இன்று பெரிதும் ஏற்கப்படுவது ஐந்து காரணிகளின் அமைப்பு: புதியவற்றை ஏற்கும் திறந்த மனம், கடமையுணர்வு, புறமுகப் போக்கு, இணக்கம், உணர்ச்சி நிலையின்மை. இவற்றுள் கடமையுணர்வு பலவகைத் தொழில்களிலும் பணித்திறனோடு தொடர்புடையது என்பதை பாரிக், மவுண்ட் ஆகியோரின் 1991-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

இக்கொள்கையின் கருவி வினாநிரல் ஆகும். மதிப்பெண் இடுவது எளிது. பெருந்தொகையினரை ஒரே வேளையில் சோதிக்கலாம். மதிப்பிடுபவரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. ஆனால், வேலை நாடி வருபவர் தம்மை நல்லவராகவே காட்டிக் கொள்வது இயல்பு. இதனை அறியவே மினசோட்டா ஆளுமைப் பட்டியல் போன்றவற்றில் பொய்மையைக் கண்டறியும் கூற்றுகள் இடையிடையே சேர்க்கப்பட்டுள்ளன. மேலும், அயல்நாட்டினருக்கென வகுக்கப்பட்ட வினாநிரலை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. நம் மக்களிடையே சோதித்துத் தரப்படுத்திய பின்னரே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

மனிதநேயமும் சூழ்நிலையும்

மாஸ்லோ, ரோஜர்ஸ் ஆகியோர் மனிதரைத் தம் ஆற்றல்களை முழுமையாக மலரச் செய்யும் நாட்டம் உடையவராகக் கண்டனர். ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள கருத்தே இங்கு மையமானது. கற்றல் கொள்கையினரோ, நடத்தை சூழ்நிலையால் உருவாக்கப்படுவது என்றனர். பள்ளிச் சிறுவரின் நேர்மையை ஆராய்ந்து ஹார்ட்ஷோர்னும் மேயும் 1928-இல் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது. தேர்வில் பார்த்து எழுதும் சிறுவன் பணத்தைத் திருடுபவனாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சூழ்நிலையில் கண்ட நேர்மையைக் கொண்டு மற்றொன்றில் அவன் நடத்தையை உறுதியாக உரைக்க இயலவில்லை. 1968-இல் மிஷெல் இவ்வாதத்தை விரிவுபடுத்திய பின்னர், பண்பும் சூழ்நிலையும் இணைந்தே நடத்தையை உருவாக்குகின்றன என்னும் கருத்து வலுப்பெற்றது.

இதிலிருந்து பிறப்பது சூழ்நிலைச் சோதனை. செய்யவிருக்கும் பணியை ஒத்த ஒரு செயலைத் தந்து, ஒருவர் நடந்து கொள்ளும் விதத்தைக் காண்பதே இம்முறை. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை வகுக்க டேராடூனில் ஒரு சோதனைக் குழு அமைக்கப்பட்டது. அவ்வழியில் வளர்ந்த படைத் தேர்வுக் குழுக்களில் விண்ணப்பதாரர் சில நாட்கள் தங்குகின்றனர். உளவியலர் எழுத்துவழிச் சோதனைகளைக் கொண்டும், குழுச் சோதனை அதிகாரி களப் பணிகளைக் கொண்டும், நேர்காணல் அதிகாரி உரையாடலைக் கொண்டும் தனித்தனியே மதிப்பிட்டு, இறுதியில் கலந்து முடிவெடுக்கின்றனர். மூன்று கொள்கைகளின் அளவுகோல்கள் இங்கே ஒன்றையொன்று சரிபார்க்கின்றன.

நேர்காணலும் நீதியும்

மிகப் பரவலாக வழங்கும் முறை நேர்காணலே. பிழைக்கு மிகுதியும் இடந்தருவதும் அதுவே. தோற்றமோ ஆங்கிலப் பேச்சோ ஏற்படுத்தும் முதல் எண்ணம் ஏனைய மதிப்பீடுகள் அனைத்தின் மீதும் படர்ந்துவிடுவதை உளவியலார் ஒளிவட்ட விளைவு என்பர். கிராமப்புறத்திலிருந்து முதன்முறையாகத் தலைநகருக்கு வந்து குழுவின்முன் அமரும் இளைஞரின் தயக்கம், திறமையின்மையாகக் கணிக்கப்படும் அபாயம் இங்கு உண்டு.

இதனை நீதிமன்றமும் உணர்ந்துள்ளது. பொறியியல் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்கு ஒதுக்கியது தன்னிச்சையானது என உச்ச நீதிமன்றம் கூறியது. 15 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்றும் கருதியது. 1985-இல் அசோக் குமார் யாதவ் வழக்கில், மத்திய தேர்வாணையத்தில் அன்று வழங்கிய 12.2 விழுக்காடே பொதுப் பிரிவினருக்கு உரிய வரம்பாகச் சுட்டப்பட்டது. மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கான நேர்காணல் 2016 ஜனவரி முதல் கைவிடப்பட்டது. அளவுகோல் எவ்வளவு உறுதியற்றதோ அவ்வளவுக்கு அதன் எடை குறைய வேண்டும் என்பதே இவற்றின் உட்பொருள்.

பணியில் சேர்ந்த பின்னரும் மதிப்பீடு தொடர்கிறது. ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கையில் தனிப்பட்ட பண்புகளுக்கு 30 விழுக்காட்டு எடை தரப்படுகிறது. அதில் எண்ணிடும் மேலதிகாரியும் ஆளுமையை அளப்பவரே. பதிவுகள் அனைத்தையும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தமை, அளக்கப்படுபவருக்கும் மறுமொழி கூறும் உரிமை உண்டு என்பதை நிலைநாட்டியது.

முடிவாக

ஆளுமைச் சோதனை எதற்கும் இரு தகுதிகள் தேவை. மீண்டும் அளந்தாலும் ஏறக்குறைய அதே முடிவு வருவது நம்பகம். அளக்கக் கருதியதையே அளப்பது ஏற்புடைமை. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றுவது ஏற்புடைமைக்குச் சான்றாகாது. 1948-இல் ஃபோரர் என்பவர் தம் மாணவர் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை நடத்தி, அனைவருக்கும் ஒரே குறிப்பையே தனித்தனி முடிவெனக் கொடுத்தார். தமக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அவர்கள் வழங்கிய சராசரி மதிப்பு ஐந்துக்கு 4.3 ஆகும்.

எனவே, ஒரே சோதனையைச் சார்ந்திராமை, அனைவரிடமும் ஒரே வகை வினாக்களைக் கேட்டல், மதிப்பிடுவோர் தனித்தனியே எண்ணிட்ட பின்னரே கலந்து பேசுதல், காரணங்களைப் பதிவு செய்தல் ஆகியவை இன்றியமையாதவை. இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. பயிற்சியும் ஒழுங்குமே தேவை. மனிதரை முழுமையாக அளந்துவிட்டதாகக் கூறும் கருவி எதுவும் இல்லை. அவ்வரம்பை உணர்ந்து எண்ணிடும் அலுவலரே, எதிரில் அமர்ந்திருப்பவருக்கு நியாயம் வழங்க வல்லவர்.